மேரியக்கா வீட்டு நாற்காலிகள்

அப்புனு,

உன் தங்கச்சி பட்டம் வாங்கிவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. முந்தாநாள் கோயமுத்தூரில், அவள் படித்த காலேஜில், கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினாள் மகேசு. அங்கி அவளுக்கு ஒரு சாண் அதிக நீளம். தடுக்கி விழுந்துவிடுவாளோ என்று நான் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கப்பா அவள் முறை வருவதற்கு முன்னாலேயே, யாரோ ஒரு பெண்ணுக்கு எழுந்து நின்று கைதட்டிவிட்டார். "ஏனுங்க, அது நம்ம புள்ளை இல்லீங்க, உக்காருங்க" என்று வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "இருந்தா என்ன, அதுவும் ஒரு ஊட்டுப் புள்ளைதானே" என்று இன்னும் நாலு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். மகேசு பேரைக் கூப்பிட்டபோது அவருக்குக் கையே எழவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கும் சேர்த்து நான் தட்டினேன்.

நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது சாமி. நீ ஹாஸ்டலில் இருந்தபோது நான் சொல்லச் சொல்ல மகேசுதான் உனக்கு எழுதுவாள். நான் பாதி சொல்லும்போதே அவள் மீதியைத் தானே எழுதி நாக்கால் தடவி ஒட்டிவிடுவாள். இந்தத் தடவை நானே எழுதுகிறேன். நாலாவது வரைக்கும் படித்த கை, தேங்காய் உடைக்கிற கை, எழுத்து கோணிக்கொண்டுதான் வரும். நீ பார்த்தால் சிரிப்பாய். சிரி. நீ இருந்திருந்தால் இந்நேரம் உனக்குப் பெண் பார்த்திருப்பேன், கல்யாணம் ஆகிறவனுக்கு ஒரு தாய் சொல்லவேண்டிய புத்தியெல்லாம் சொல்லியிருப்பேன். அதெல்லாம் சொல்ல ஆளில்லாமல் என்னிடமே கிடக்கிறது. ஒன்று மட்டும் உன்னிடம் பேசியாக வேண்டும். விழாவில் ஒருவரைப் பார்த்தேன். அவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலையில் கை ஓடவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் நாற்காலிக் கதையை நான் முதலிலிருந்து சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் செய்த தப்பு அது, என் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

நீ பன்னிரண்டாவது பாஸான வருஷம் தொண்ணூற்றொன்று. நம் காலனியில் அதுவரைக்கும் பத்தாவதைத் தாண்டினவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் மிலிட்டரிக்குப் போய்விட்டான். நீ கணக்கில் வாங்கின மார்க்கைக் கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் தன் பேனாவை உனக்குக் கொடுத்தார். கோயமுத்தூர்க் காலேஜில் இடம் கிடைத்த கார்டு வந்த அன்றைக்கு நான் களத்தில் இருந்தேன். வெள்ளகோவில் ரோட்டில் அந்தத் தேங்காய்க் களம், வெயிலுக்கு ஒரு நிழல் கிடையாது உனக்குத் தெரியும். உடைத்துக் காயப்போட்ட தேங்காயெல்லாம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச, நடுவில் நீ ஓடி வந்தாய். "அம்மா, சீட்டுக் கெடச்சுருச்சு" என்றாய். பக்கத்தில் இருந்தவளிடம் நான், "பஸ் சீட்டா?" என்று கேட்டேன். அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் என்னைக் கேலி செய்தாய்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் ஸ்காலர்ஷிப் என்ற சொல்லை முதலில் கேட்டேன். காலேஜ் பீஸும் ஹாஸ்டல் சோறும் சர்க்கார் கொடுக்கும் என்று நீ சொன்னாய். எனக்குப் பயம் வந்தது. "நாளைக்குத் திருப்பிக் கேப்பாங்களா கண்ணு?" என்றேன். "கேக்கமாட்டாங்கம்மா, இது கடன் இல்லை." "அப்பத் தர்மமா?" உனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். "ரேசன் கடையில நம்ம கார்டுக்கு அரிசி போடறாங்களே, அதைத் தர்மம்னா வாங்கற? நம்ம கார்டுக்கு உள்ளதை வாங்கற. இதும் அப்பிடித்தான், எம் பேருக்கு உள்ளது." இதை நான் இப்போது எத்தனை தாய்மாருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா. அதே வார்த்தை, ஒன்று கூடக் குறையாமல்.

சாதிச் சான்று சுலபமாகக் கிடைத்துவிட்டது. வருமானச் சான்றுக்குத்தான் விசாரணை. மணியக்காரர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார், ஆர்.ஐ. என்கிற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து வீட்டைப் பார்த்து எழுத வேண்டும் என்று சொன்னார்கள். வியாழக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. அந்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஏன் என்று உனக்குத் தெரியும். நம் காலனிக்கு அதற்கு முன்னால் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஓட்டு எழுத வந்தவர்கள், அம்மைக்கு ஊசி போட வந்தவர்கள், எல்லோரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வேம்படியில் நின்றுகொண்டு பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாம்தான் போய் எதிரில் நிற்போம். ஒருவரும் வாசல்படி தாண்டினதில்லை. ஒருவரும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. இப்போது ஒரு ஆபீசர் என் வீட்டுக்குள்ளே வரப்போகிறார். வருகிறவரை எங்கே உட்கார வைப்பேன்? நம் வீட்டில் இருந்தது ஒரு கோரைப்பாய், அதிலும் ஓரம் பிரிந்தது.

நம் தெரு மேரியக்காவிடம் ஓடினேன். அவள் மகள் கோயமுத்தூரில் நர்ஸாக இருந்ததால் அவள் வீட்டில்தான் இரண்டு ஒயர் நாற்காலியும் மேசைமேல் வைக்கிற பேனும் உண்டு. "எதுக்குடி, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்களா?" என்றாள். "ஆர்.ஐ. வாராருக்கா." "அப்பப் பேனையும் கொண்டு போ. எவர்சில்வர் டம்ளரும் இருக்குது, எம் மகள் கிறிஸ்துமஸுக்கு வாங்குனது, இன்னும் ஸ்டிக்கரே பிரிக்கலை" என்று அள்ளி அள்ளிக் கொடுத்தாள். நீதான் சுமந்து வந்தாய். ஒரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இன்னொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாலு கால் கொம்பு மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கத் தெருவில் வந்தாய். பின்னால் மகேசு, குழந்தையை எடுக்கிற மாதிரி பேனை இடுப்பில் வைத்துக்கொண்டு. உங்கப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஊட்டுல இருக்கறது ஒத்த லைட்டு, பிளக்கே கெடையாது, அந்தப் பேனை எதுல மாட்டப் போற, என் மூக்குலயா?" என்று கேட்டார். "ஓடறதுக்கு இல்லீங்க, இருக்கறதுக்கு" என்றேன். பிறகு உன்னைப் பாலுக்கு அனுப்பினேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னதையெல்லாம் செய்தாய்.

ஆர்.ஐ. அந்தியூர்ப் பக்கத்துக்காரர், புதிதாக வந்தவர், நல்ல மனுஷர். வண்டியை நிறுத்திவிட்டு நம் வாசலில் செருப்பைக் கழற்றினார். அப்புனு, நம் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அப்போதே பாதிப் புத்தி போய்விட்டது. குனிந்து உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து காகிதத்தை எடுத்து முட்டிமேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஊட்டுக்காரர் என்ன வேலை பாக்கறாருங்க?"

"அரிசி மில்லுலீங்க."

"மில்லுல என்ன வேலைங்க?"

"மேஸ்திரி மாதிரிங்க" என்றேன். மூட்டை தூக்குகிறவரை ஒரே வார்த்தையில் மேஸ்திரி ஆக்கிவிட்டேன். உங்கப்பா கதவோரம் நின்று என்னையே பார்த்தார்.

"நீங்க?"

"தேங்காய்க் களத்துக்குப் போறேனுங்க. சும்மா உக்காந்திருக்க முடியாமத்தானுங்க."

"வருசம் பூராவும் வேலை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

மழை பிடித்தால் களம் மூடிக்கிடக்கும், அந்த மாதங்களில் நாம் எப்படிச் சாப்பிட்டோம் என்று உனக்குத் தெரியும். அவர் விடவில்லை, இன்னும் கேட்டார். "சிரமம் ஏதாச்சும் இருந்தா மறைக்காமச் சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்." அவர் எனக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்டார். நானோ, "உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க" என்றேன். வீட்டுக்கு வந்த மனுஷர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நம் வாயில் வேறு என்ன வரும்? பிறந்ததிலிருந்து அதைத்தானே சொல்லிப் பழகியிருக்கிறோம். அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். பேனைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், எழுதினார். நான் காப்பியை நீட்டினேன். வாங்குவாரா மாட்டாரா என்று அவர் கையையே பார்த்தேன். வாங்கினார். ஒரே மூச்சில் இல்லை, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். "காப்பி நல்லா இருக்குதுங்கம்மா" என்றார். நீ காலிப் பால் சொம்போடு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த முகம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒரு வாரம் களத்தில் எனக்கு வேறு பேச்சே இல்லை. எங்கள் வீட்டில் ஆபீசர் உட்கார்ந்தார், எங்கள் வீட்டில் ஆபீசர் காப்பி குடித்தார். நீ காலேஜில் சேர்ந்தாய், ஹாஸ்டலில் பெட்டியை வைத்தாய். இரண்டாம் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து இறங்கினாய். கையில் அந்தச் சான்று. "அம்மா, நாம பெரிய பணக்காரங்களாயிட்டோம். சர்க்காரே சீல் வெச்சுக் குடுத்துருச்சு" என்றாய். உங்கப்பா, "அப்பிடீன்னா எனக்கொரு காரு வாங்கிப்போடு சாமி" என்றார். இரண்டு பேரும் சிரித்தீர்கள். எனக்கு விளங்க நேரமாயிற்று. இவ்வளவுக்குமேல் வருமானம் இருந்தால் ஸ்காலர்ஷிப் கிடையாது என்று பாரத்தின் அடியில் போட்டிருந்ததாம். நம் வருமானத்தை அதற்குமேல் எழுதிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் சரியான சான்று கொண்டுவராவிட்டால் ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டும், படிப்பு அவ்வளவுதான். உங்கப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு, மில்லில் ஆள் கேட்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "எனக்குத் தெரியாமப் போச்சே சாமி, நாற்காலி போட்டே உம் படிப்பைக் கெடுத்துப்போட்டனே" என்று அழுதேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "எனக்கும்தான் தெரியலை. உடும்மா" என்றாய்.

இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள். எனக்கும்தான் தெரியலை என்று நீ சொன்னாய்.

திங்கட்கிழமை நீ பஸ் ஏறினதும் நான் தாலுகா ஆபீசுக்குப் போனேன். வேலைக்குப் போகாமல் மூன்று நாள் போனேன். முதல் நாள் அய்யா கேம்ப் என்றார்கள். இரண்டாம் நாள் மனு எழுதிக் கொண்டுவா என்றார்கள். மூன்றாம் நாள் யாரையும் கேட்காமல் பெஞ்சுகளைத் தாண்டி உள்ளே போய் தாசில்தார் முன்னால் நின்றுவிட்டேன். அந்த வருஷம் தாசில்தார் ஒரு அம்மா. மேசையைச் சுற்றி நாலைந்து பேர், அதில் நம் ஆர்.ஐ.யும் நின்றார்.

"வருமானத்தை ஜாஸ்தியா எழுதிட்டாங்கன்னு தினமும்தான் வர்றாங்க" என்று அந்த அம்மா சலித்துக்கொண்டார். "இவர் நேர்ல வந்து பாத்துத்தானே எழுதியிருக்காரு?"

"பாத்தாருங்க. அவர் மேல தப்பே இல்லீங்க. ஆனா அவர் பாத்தது எங்க ஊடு இல்லீங்க."

"பின்னே யார் வீடு?"

"மேரியக்கா ஊடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. அன்றைக்கு நிறுத்தியிருந்தால் திரும்ப வாய் திறந்திருக்கவே மாட்டேன். "நாற்காலி மேரியக்காளுதுங்க. பேனு மேரியக்காளுதுங்க. அது ஓடவும் ஓடாதுங்க, எங்க ஊட்டுல பிளக்கே இல்லீங்க. இந்த அய்யா காப்பி குடிச்ச டம்ளரும் மேரியக்காளுதுங்க. எங்க ஊட்டுக்காரர் மேஸ்திரி இல்லீங்க, மூட்டை தூக்கறாருங்க. மழைக் காலத்துல எனக்கு வேலையே கெடையாதுங்க. காப்பி மட்டும்தானுங்க எங்களுது."

தாசில்தார் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்கும்மா இதெல்லாம் பண்ணினே? உம் பையனுக்குத்தானே கெடுதல்?"

"எங்க ஊட்டுக்குள்ள இதுக்கு முன்னால ஆபீசருங்க யாரும் வந்து உக்காந்ததில்லீங்க. மொத மொதல்ல வந்தவரைத் தரையில உக்கார வெக்க மனசு வரலீங்க" என்றேன்.

ஆர்.ஐ. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாசில்தார் அம்மா அவரிடம், "நாளைக்கே போயி மறுபடியும் பாத்துட்டு வாங்க" என்றார். எனக்கு ஒன்றும் இல்லை, எதுவும் என்னுடையது இல்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெட்கத்தில் செத்துவிடுவேன் என்று நினைத்தேன் கண்ணு. இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கையை வீசிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் ஆர்.ஐ. வந்தார். அன்றைக்கும் செருப்பைக் கழற்றினார். பாயை விரித்தேன், பிரிந்த ஓரத்தை மறைக்காமல் விரித்தேன். சப்பணமிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டு எழுதினார். நானும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, அடுப்புப் பக்கம் பார்த்தார். "ஏனுங்கம்மா, அன்னைக்குக் காப்பி குடுத்தீங்க, இன்னைக்கு இல்லீங்களா?"

"காப்பி குடுத்தா வருமானம் ஏறிப்போயிருமுங்க" என்றேன்.

அந்த மனுஷர் சிரித்த சிரிப்பில் மேரியக்கா எட்டிப் பார்க்க வந்துவிட்டாள். "எழுதி முடிச்சுட்டேனுங்க, இனிமே தைரியமாக் குடுங்க" என்றார். நம் அலுமினிய டம்ளரில், ஒரு பக்கம் நசுங்கினதில் கொடுத்தேன். அதையும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

தை மாதம் பணம் வந்தது. நீ எஸ்.டி.டி. பூத்திலிருந்து களத்துக்காரர் வீட்டுக்குப் போன் செய்தாய். அந்த வீட்டு அம்மா அங்கிருந்து களத்து வரப்பு வரைக்கும் ஓடி வந்து, "அம்மணி, உம் பையனுக்கு ஸ்காலர்சிப் வந்துருச்சாமா! சொல்லச் சொன்னான்!" என்று கூவியது. ஒரு நிமிஷம் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். பிறகு யார் ஆரம்பித்தாளோ தெரியாது, ஒருத்தி கையிலிருந்த தேங்காய்த் தொட்டியை இன்னொரு தொட்டியோடு தட்டினாள். அடுத்தவள் தட்டினாள். இருபது பெண்கள், ஆளுக்கு இரண்டு கொட்டாங்கச்சி, களம் முழுக்கக் கொட்டு மேளம். கோயமுத்தூர் விழாவில் ஆயிரம் பேர் கைதட்டினார்கள் அப்புனு. அது அந்தக் களத்துச் சத்தத்துக்குப் பக்கத்தில் வராது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும் நீ வந்து வேம்படியில் உட்கார்ந்துகொண்டு காலனிப் பிள்ளைகளுக்கெல்லாம் பாரம் எழுதிக் கொடுத்தாய். எந்தக் காகிதத்துக்கு எந்த ஆபீஸ், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாய். மேரியக்கா பங்குக்கு, "ஜூன் மாசம் எவளுக்கும் நாற்காலி கெடையாது, எழவு ஊடா இருந்தாலும் தரமாட்டேன்" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டாள்.

மூன்றாம் வருஷம், பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது உனக்கு மஞ்சக்காமாலை வந்தது. பதினோரு நாள். அதை நான் எழுதப்போவதில்லை. நீ அங்கே இருந்தாய், நானும் இருந்தேன், அது போதும்.

இன்னொரு தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். நீ போன பிறகு மகேசுவிடம், போதும், பத்தாவதோடு நில்லு என்று சொன்னேன். படித்தவனைக் கொடுத்துவிட்டேன், படிப்பு என்ற பேச்சே இந்த வீட்டில் வேண்டாம் என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை, என்னோடு களத்துக்கு வந்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை, அரிவாளை அழகாகத்தான் பிடித்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் வாய் திறக்கவில்லை. அந்த ஜூனில் கீழ்த் தெருக்காரி ஒருத்தி வாசலில் வந்து தயங்கி நின்றாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அப்புனு எழுதி வெச்ச நோட்டு இருக்குதுங்களா? எம் புள்ளைக்குச் சர்டிபிகேட்டு வாங்கோணும்." உன் பெட்டியைத் திறந்து எடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கமாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்தாய்: "மகேசு பன்னிரண்டாவது முடிக்கும் வருஷம், வருமானச் சான்று ஜூன் முதல் வாரமே வாங்க வேண்டும். விசாரணைக்கு வரும் அன்று அம்மாவைக் களத்துக்கு அனுப்பிவிடவும்."

நீ போன பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே அழுதேன். மறுநாள் மகேசுவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். அந்தக் கீழ்த் தெருக்காரியோடு தாலுகா ஆபீசுக்கு நானே போனேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஜூனும் போகிறேன். இப்போது நம் காலனியில் எனக்கு என்ன பேர் தெரியுமா? சர்டிபிகேட்டக்கா. பாயை விரி, பேனை ஒளி, குறை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லு என்று வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்துகிறேன். வாய் வராதவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்குகிறேன். இந்த வருஷம் நம் தெருவிலிருந்து மட்டும் ஏழு பேர் காலேஜுக்குப் போகிறார்கள், அதில் நாலு பெண்கள். எல்லோர் கையிலும் உன் நோட்டைப் பார்த்து எழுதின பாரம். மகேசு முறை வந்தபோது நீ எழுதினபடியே நான் களத்துக்குப் போய்விட்டேன். சான்று ஒரே தடவையில் சரியாக வந்தது.

விழாவில் வாசலுக்கு உள்ளே நுழைந்ததும் ஒரு பெண்பிள்ளை, பேட்ஜ் குத்திக்கொண்டு, "அம்மா, பேரண்ட்ஸா? இங்க வாங்க, உங்க சேர் இது, உக்காருங்க" என்று கூட்டிப் போனது. நான் நின்றுகொண்டே அந்த நாற்காலியைப் பார்த்தேன். எனக்கென்று போட்டது. யாரிடமும் கேட்டு வாங்காதது. உட்கார்ந்தேன், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோதுதான் ஒருவர் ஓடி வந்து என் காலைத் தொட்டார். உன் ஹாஸ்டல் அறையில் உன்னோடு இருந்த பையன். இப்போது அதே ஊரில் வேறொரு காலேஜில் வாத்தியார். கொஞ்சம் தொப்பை கூட வைத்துவிட்டது. மகேசுவின் பட்டத்தை வாங்கிப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு சிரித்தார். "அம்மா, உங்க நாற்காலிக் கதையை அவன் சொல்லாத நாளில்லீங்க. ஹாஸ்டலே சிரிக்குமுங்க. கடைசியில எப்பவும் ஒண்ணு சொல்லுவானுங்க, எனக்கு அன்னைக்கே தெரியும்டான்னு."

"என்ன தெரியுமுங்க?" என்றேன்.

"இந்த நாற்காலியால வெனை வரும்னுதானுங்க. பாரத்தைப் படிச்சது அவன்தானுங்களே, அந்த வரம்பெல்லாம் அவனுக்கு மனப்பாடமுங்க. அப்புறம் ஏன்டா சும்மா இருந்தேன்னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே எழுந்து போயிருவானுங்க. சொல்லவே மாட்டானுங்க."

பஸ்ஸில் வரும்போது உங்கப்பா பல்லடம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார். மகேசு பட்டத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உன் முகம்தான். வாசல் நிலையில் பால் சொம்போடு நின்று, அவர் காப்பி குடிப்பதைப் பார்க்காமல் நான் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாயே, அந்த முகம். "எனக்கும்தான் தெரியலை" என்று என்னிடம் பொய் சொன்ன முகம். எட்டு வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்தேன், இரண்டு பேரும் தெரியாமல்தான் செய்தோம் என்று.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனே சாமி. உன் படிப்பே போய்விடும் என்று தெரிந்திருந்தும், அந்த நாற்காலியை ஏன் கண்ணு தலையில் தூக்கிக்கொண்டு வந்தாய்?